யானையைக் கட்டித் தீனி போடுவது: பழைய ஃபெராரி வாங்க நினைப்பவருக்கு ஒரு செலவுக் கணக்கு

ஆண்டுக்கு இரண்டு மூன்று பேராவது என்னிடம் இதைக் கேட்டுவிடுகிறார்கள். "அண்ணா, ஐம்பதாயிரம் பவுண்டுக்கு ஃபெராரி வருகிறதாமே, வாங்கலாமா?" கேட்கும்போதே கைப்பேசியில் சிவப்பு நிற 360 மொடேனா ஒன்றின் படத்தை நீட்டுவார்கள். படத்தில் வண்டி பளபளக்கும். கேட்பவர் கண்ணும் பளபளக்கும்.

விளம்பரத்தில் பொய் இல்லை. 1999 முதல் 2005 வரை தயாரான 360 மொடேனா, புதிதாக வந்த காலத்தில் பிரிட்டனில் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் விற்றது. இன்று நன்றாக ஓடிய வண்டிகள் ஏறக்குறைய அதில் பாதி விலைக்கு வருகின்றன. ஆனால் இறங்கியது காரின் விலை மட்டும்தான். அதன் கிளட்ச் தட்டுக்கும், பிரேக் வட்டுக்கும், அதைப் பழுது பார்க்கிற மெக்கானிக்கின் மணிக்கூலிக்கும், தாங்கள் ஒரு லட்சம் பவுண்டு காரைச் சேர்ந்தவர்கள் என்ற நினைப்பு மாறவே இல்லை. வாங்கும் விலையைச் சமாளித்தவர்கள் வாங்கிய பிறகு திணறுவது இதனால்தான்.

ஆகவே யானையை வாங்கும் முன்பே தீனிக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். நான் இருப்பது பிரிட்டனில் என்பதால் வரிகளும் கூலிகளும் இந்நாட்டுக் கணக்கு. பணிமனைத் தொகைகளை உத்தேசமாகவே கொள்ளுங்கள்; வண்டிக்கு வண்டி, ஊருக்கு ஊர் அவை மாறும். எடுத்துக்காட்டுக்குப் பழைய வி8 (எட்டு சிலிண்டர்) ஃபெராரிகளையே எடுத்துக்கொள்கிறேன். முதல்முறை வாங்குகிறவர்களின் கண் பெரும்பாலும் அவற்றின் மேல்தான் விழுகிறது.

முதல் படி: அழகைப் பார்த்து அல்ல, இன்ஜினைப் பார்த்து மாடலைத் தேர்ந்தெடுங்கள்

எஃப் 355, 360, எஃப் 430 என்று மூன்று தலைமுறைகள். படத்தில் மூன்றும் உடன்பிறந்தவைபோல இருக்கும். பணிமனை ரசீதில் மூன்றும் மூன்று வெவ்வேறு குடும்பம்.

வித்தியாசம் டைமிங் பெல்ட்டில் தொடங்குகிறது. இன்ஜினில் கீழே பிஸ்டன்கள் ஏறி இறங்குகின்றன. மேலே வால்வுகள் திறந்து மூடுகின்றன. இரண்டையும் ஒரே தாளத்தில் கட்டிப்போட்டிருப்பது ஒரு ரப்பர் பட்டை. அது அறுந்தால் தாளம் தப்பும்; மேலேறி வரும் பிஸ்டன், மூட மறந்து நிற்கும் வால்வில் போய் மோதும். எஃப் 355-இலும் 360-இலும் ஒரு சிலிண்டருக்கு ஐந்து வீதம் மொத்தம் 40 வால்வுகள். அத்தனையும் வளைந்தால் ஆகிற செலவில் இன்னொரு கார் வாங்கிவிடலாம். ரப்பருக்கு வயதாவது ஓட்டத்தால் மட்டும் அல்ல. நின்ற இடத்திலேயே அது காய்ந்து இறுகும். அதனால்தான் "இரண்டாயிரம் மைல்கூட ஓடவில்லையே" என்ற சமாதானம் இங்கே செல்லாது. பிரிட்டனில் பெரும்பாலான நிபுணர்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள்.

1994-இல் வந்த எஃப் 355-இல் பெல்ட்டை மாற்ற வேண்டுமானால் இன்ஜின், கியர்பாக்ஸ், பின் சட்டகம் ஆகிய மூன்றையும் ஒரே கட்டாகக் காரின் அடியிலிருந்து இறக்க வேண்டும். பட்டையின் விலை அற்பம். இறக்கி ஏற்றுகிற கூலிதான் பெரிது. இறக்கிய பிறகு ஆசை விடாது: "இன்ஜினைத்தான் வெளியே எடுத்தாயிற்றே, இந்த ஹோஸையும் மாற்றிவிடலாம், அந்த சீலையும் மாற்றிவிடலாம்" என்று பட்டியல் நீளும். ஓடு மாற்றப் போய் உத்திரத்தையும் மாற்றி வந்த கதைதான். தனியார் நிபுணரிடமே 5,000 பவுண்டிலிருந்து 8,000 பவுண்டு வரை ஆவது சாதாரணம். மெக்கானிக் சொல்கிற கூடுதல் வேலைகள் பெரும்பாலும் நியாயமானவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்று 40 பவுண்டு ஹோஸை விட்டுவிட்டால், அடுத்த ஆண்டு அதற்காகவே மறுபடியும் இறக்க நேரிடும்.

360-ஐ வடிவமைத்தவர்களுக்கு இந்த வேதனை புரிந்திருக்க வேண்டும். இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு மூடியை வைத்தார்கள். அதைக் கழற்றினால் காருக்குள்ளிருந்தே பெல்ட்டை எட்டிப் பிடிக்கலாம். இன்ஜின் இருந்த இடத்தில் இருக்கும். செலவு 1,000 முதல் 1,500 பவுண்டு அளவில் முடிந்துவிடுகிறது. ஒரு மூடி செய்த மாற்றம் இது. 2004-இல் வந்த எஃப் 430-இல் பெல்ட்டே கிடையாது, சங்கிலிதான். மூன்றாண்டுத் தலைவலி ஒழிந்தது.

உடனே எஃப் 430-இன் பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். அதற்குத் தனி வியாதி உண்டு: இன்ஜினிலிருந்து புகையை வாங்கிச் செல்லும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகள் விரிசல் விடும். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது கடிகாரம்போல ஒரு டிக் டிக் ஒலி கேட்டு, சூடானதும் அது அடங்கினால், சந்தேகம் அங்கே போக வேண்டும். சரிசெய்யப் பல ஆயிரம் பவுண்டு ஆகும். எஃப் 355-க்கும் இதே நோய் உண்டு. அத்துடன் அதன் முற்பட்ட வண்டிகளில், வால்வுத் தண்டைத் தாங்கும் வால்வு கைடுகள் சீக்கிரம் தேய்வது ஊரறிந்த சங்கதி.

என்னைக் கேட்டால், முதல் ஃபெராரிக்கு 360-தான். கிளட்ச் பெடலும் கையால் மாற்றும் கியரும் உள்ள வண்டியாகப் பாருங்கள். விலை சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அந்தக் கூடுதல் பணம் எப்படித் திரும்பி வருகிறது என்பதைக் கிளட்ச் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

குதிரைச் சின்னம்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்களுக்கு வேறு வழிகளும் இருக்கின்றன. 1990 முதல் 2005 வரை வந்த ஹோண்டா என்எஸ்எக்ஸ் இந்த உலகத்தின் சாது. தினமும் ஓட்டலாம், கோபித்துக்கொள்ளாது. 2003 முதல் 2013 வரை வந்த லம்போர்கினி கயார்டோவுக்குச் சங்கிலி இன்ஜின். ஆனால் கிளட்ச் பெடல் இல்லாத அதன் இ-கியர் வண்டிகளில் கிளட்ச் செலவு காத்திருக்கும். போர்ஷே 911-இன் 996 தலைமுறை விலையில் மிகக் குறைவு. இன்ஜினுக்குள் இருக்கும் ஐஎம்எஸ் பேரிங் என்ற சின்ன உறுப்பு உடைந்தால் மொத்த இன்ஜினும் போய்விடும் என்பதே அதன் மேல் விழுந்த பழி. பேரிங் மாற்றப்பட்ட ரசீது இருந்தால் மேலே பேசுங்கள். இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

இரண்டாம் படி: வண்டியைத் தொடுவதற்கு முன் காகிதத்தைப் படியுங்கள்

விற்பவர் வீட்டுக்குப் போவதற்கு முன்பே செய்யக்கூடிய, காசில்லாத வேலை ஒன்று உண்டு. பதிவு எண்ணை அரசின் இணையதளத்தில் கொடுத்தால் அந்த வண்டியின் எம்ஓடி சோதனை (ஆண்டுதோறும் நடக்கும் வாகனத் தகுதிச் சோதனை) வரலாறு 2005 முதல் வரும். ஒவ்வோர் ஆண்டும் ஓடியிருந்த மைல், தேறாமல் போன காரணம், சோதகர் எழுதிய எச்சரிக்கைக் குறிப்பு எல்லாம் அதில் இருக்கும். "டயர் பக்கவாட்டில் வெடிப்பு" என்று இரண்டாண்டு தொடர்ந்து எழுதியிருந்தால், ஒரு டயர் வாங்கவே மனம் வராதவர் பெல்ட்டுக்கு எவ்வளவு செலவழித்திருப்பார் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

அடுத்தது சர்வீஸ் கோப்பு. முத்திரை குத்திய சர்வீஸ் புத்தகம் மட்டும் போதாது. விவரமான ரசீதுகள் வேண்டும். பெல்ட் எந்தத் தேதியில் மாறியது, பெல்ட்டோடு அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பேரிங்கும் மாறியதா, கிளட்ச் எப்போது, பிரேக் திரவம் எப்போது என்று பாருங்கள். நான் முதன்முதலாக இப்படியொரு கோப்பைப் புரட்டியபோது முத்திரைகளை எண்ணிப் பார்த்து மகிழ்ந்துபோனேன். எட்டு முத்திரைகளில் ஆறு வெறும் ஆயில் மாற்றம் என்பது வாங்கிய பிறகுதான் தெரிந்தது. தவறு என்னுடையது, ரசீது கேட்கக் கூச்சப்பட்டேன்.

மிகக் குறைந்த மைல் ஓடிய வண்டியைக் கண்டால் எல்லோருக்கும் வாயூறுகிறது. இருபது ஆண்டில் ஆறாயிரம் மைல் ஓடிய கார் பார்க்கப் புதிதாகத்தான் இருக்கும். ஆனால் அதன் சீல்கள் காய்ந்திருக்கும், டயர் கல்லாகியிருக்கும், பெட்ரோல் தேங்கிய பாகங்கள் கெட்டிருக்கும். ஓடத் தொடங்கிய முதல் ஆண்டில் அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வரும். ஆண்டுக்கு இரண்டாயிரம் மூவாயிரம் மைல் ஒழுங்காக ஓடி, ஒழுங்காக ரசீது சேர்த்த வண்டியே எனக்கு மேல்.

பிறகு, வாங்கும் முன் சோதனை. இதற்குச் சில நூறு பவுண்டு ஆகும். விற்பவருக்குத் தொடர்பில்லாத, அந்த மாடலைத் தினமும் கையாளும் நிபுணரிடம் கொடுங்கள். லிஃப்ட்டில் ஏற்றி அடிப்பகுதியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சிலிண்டரும் அழுத்தத்தைத் தாங்குகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள துடுப்பால் கியர் மாற்றும் வண்டியானால், கணினியைச் செருகி கிளட்ச் எத்தனை விழுக்காடு தேய்ந்திருக்கிறது என்ற அளவை வாங்குங்கள். பார்க்கப் போகும்போது இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின்தான் உண்மை பேசும். சொல்லியும் சூடாக்கி வைத்திருந்தால், தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

மூன்றாம் படி: இரண்டாவது பணப்பை

கையில் 55,000 பவுண்டு இருந்தால் 55,000 பவுண்டுக் கார் உங்களுக்கானதல்ல. 45,000-க்குக் காரைப் பாருங்கள். மிச்சத்தைத் தனிக் கணக்கில் போட்டுப் பூட்டுங்கள். கடன் வாங்கிக் காரை வாங்குவதைக்கூட ஒருவகையில் புரிந்துகொள்ளலாம். கடன் வாங்கி கிளட்ச் மாற்றுவது பெரும் துயரம்.

நான்காம் படி: நின்றாலும் ஓடினாலும் போகும் காசு

சாலை வரியில் ஒரு சுவையான தேதி இருக்கிறது: 2006 மார்ச் 23. 2001 மார்ச் முதல் 2017 மார்ச் வரை பதிவான கார்களுக்குக் கரியமில வாயு அளவை வைத்து வரி. அந்த 2006 தேதிக்கு முன் பதிவான கார் எவ்வளவு புகை விட்டாலும், வரி ஒரு படிநிலைக்கு மேல் ஏறாது. 2025-26-இல் அது ஆண்டுக்கு 430 பவுண்டு. மறுநாள் பதிவானால் உச்சப் படிநிலை: 760 பவுண்டு. ஆகவே ஒரே நிறம், ஒரே மாடல் எஃப் 430 இரண்டு நின்றாலும், 2005-இல் பதிவானதை வைத்திருப்பவர் அந்த ஆண்டுக் கணக்கில் 330 பவுண்டு குறைவாகக் கட்டுகிறார். 2001 மார்ச்சுக்கு முன் பதிவான எஃப் 355-க்கோ முற்பட்ட 360-க்கோ இன்ஜின் கொள்ளளவை வைத்து வரி. அது இன்னும் குறைவு, அதே 2025-26-இல் 360 பவுண்டு.

லண்டன்வாசிகளுக்குக் கூடுதலாக யூலெஸ், அதாவது அதிகப் புகை விடும் வண்டிகளிடம் கட்டணம் வாங்கும் மண்டலம். 2023 ஆகஸ்ட் 29 முதல் இது லண்டன் மாநகரின் எல்லாப் பகுதிகளுக்கும் விரிந்துவிட்டது. தகுதி பெறாத கார் நாளொன்றுக்கு 12.50 பவுண்டு கட்ட வேண்டும். 2005-க்கு முந்திய பெட்ரோல் கார்கள் பல இதில் சிக்கும். பதிவு எண்ணைப் போக்குவரத்துத் துறையின் தளத்தில் கொடுத்துச் சரிபாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டரை பவுண்டு நுழைவுச்சீட்டு என்றால் பலருக்கு இனிப்பது கசந்துவிடும்.

இதையெல்லாம் கேட்டு முகம் சுளிப்பவர்கள் இந்தக் காரின் தாய்நாட்டைப் பாருங்கள். இத்தாலியில் 185 கிலோவாட்டுக்கு மேற்பட்ட கார்களுக்கு, வழக்கமான வரிக்கு மேல் ஒவ்வொரு கூடுதல் கிலோவாட்டுக்கும் 20 யூரோ மிகைவரி. எஃப் 430-இன் திறன் 360 கிலோவாட். புதிதாக இருக்கும்போது மிகைவரி மட்டும் ஆண்டுக்கு 3,500 யூரோ. வயதாக ஆக அது படிப்படியாகக் குறைந்து, இருபதாண்டு நிறைந்ததும் நீங்கும். மொடேனா நகருக்குப் பக்கத்தில் பிறந்த காருக்கு மொடேனாவில்தான் அதிக தண்டம்.

காப்பீட்டில் ஒன்றை மட்டும் விடாதீர்கள்: ஒப்புக்கொண்ட மதிப்பு. சாதாரணக் காப்பீட்டில் கார் நசுங்கினால் அன்றைய சந்தை விலையை நிறுவனம் கணிக்கும். சண்டை அங்கே தொடங்கும். ஒப்புக்கொண்ட மதிப்பு என்றால் தொகை முன்கூட்டியே பத்திரத்தில் இருக்கும். மைலுக்கு வரம்பு, இரவில் பூட்டிய கராஜ், சான்று பெற்ற டிராக்கர் ஆகியவற்றை நிறுவனம் கேட்கக்கூடும். நடுவயது, விபத்தில்லாத வரலாறு, வீட்டில் தினசரி ஓட்ட இன்னொரு கார் என்றிருந்தால் பிரீமியம் பயந்த அளவுக்கு இருக்காது. இருபத்தைந்து வயதுத் தம்பிமார்களுக்கு நான் ஆறுதல் சொல்ல முடியாது.

எம்ஓடி சோதனைக் கட்டணம் அதிகபட்சம் 54.85 பவுண்டு. சாதாரண ஹாட்ச்பேக்குக்கும் ஃபெராரிக்கும் ஒரே விலையில் கிடைப்பது இந்த உலகில் இது ஒன்றுதான்.

ஐந்தாம் படி: தேய்கிற பொருள்கள்

முதலில் கிளட்ச். புதியவர்கள் அதிகம் பணம் இழப்பது இங்கே.

ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இரண்டு துடுப்புகள், காலடியில் கிளட்ச் பெடல் இல்லை. பார்த்ததும் ஆட்டோமேட்டிக் என்று நினைத்துவிடுகிறார்கள். ஃபெராரி 1997-இல் எஃப் 355-இல் கொண்டுவந்து, 360-இலும் எஃப் 430-இலும் தொடர்ந்த எஃப்1 கியர்பாக்ஸ் ஆட்டோமேட்டிக் அல்ல. உள்ளே இருப்பது வழக்கமான கிளட்ச்தான். உங்கள் இடது காலுக்குப் பதில் ஒரு ஹைட்ராலிக் பம்ப் அதை மிதிக்கிறது. நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால், ஒவ்வோர் அங்குலத்துக்கும் கிளட்ச் வழுக்கித் தேயும். மேட்டில் பிரேக்கை விட்டு ஆக்சிலரேட்டரால் வண்டியைத் தாங்கி நின்றால் தேயும். எல்லாவற்றிலும் கொடியது, சரிவான வீட்டு வாசலில் பின்னோக்கி மேலேற்றி நிறுத்துவது. நல்ல கையில் பல்லாயிரம் மைல் ஓடும் கிளட்ச், இப்படியொரு வாசலில் மிகச் சீக்கிரம் உயிரை விட்டுவிடும். மாற்றக் கூலியோடு 2,500 முதல் 4,000 பவுண்டு.

சிக்னலில் நியூட்ரலுக்குப் போங்கள். முன்னால் உள்ள வண்டி நகர்ந்ததும் நகராதீர்கள். நல்ல இடைவெளி விழட்டும், பிறகு தயங்காமல் கிளம்புங்கள். சரிவான வாசலானால் மூக்கை உள்ளே விட்டு நிறுத்துங்கள். வெளியே வரும்போது வண்டி தானாக உருளும். கிளட்ச் பெடல் உள்ள வண்டியிலும் இவை பொருந்தும் என்றாலும், அங்கே உங்கள் கால் தவறை உடனே உணரும். பம்ப்புக்கு உணர்ச்சி இல்லை. கையால் கியர் மாற்றும் வண்டிக்குக் கூடுதல் விலை கொடுங்கள் என்று சொன்னதன் காரணம் இதுதான். விற்கும்போதும் அந்த விலை திரும்பி வருகிறது.

எஃப்1 வண்டிதான் வாய்த்தது என்றால், ஓட்டுநர் கதவைத் திறந்ததும் எழும் ரீங்காரத்தைக் கவனியுங்கள். அது பம்ப் அழுத்தம் ஏற்றும் ஒலி. சில நொடிகளில் நிற்க வேண்டும். நிற்காமல் பாடிக்கொண்டே இருந்தால் அதன் ரிலே (பம்ப்புக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சின்ன சுவிட்ச்) ஒட்டிக்கொண்டிருக்கலாம். ரிலேயின் விலை ஒரு நல்ல சாப்பாட்டுச் செலவு. அது ஒட்டிக்கொண்டு பம்ப்பை எரித்துவிட்டால் அந்தச் செலவில் கல்யாண விருந்தே போடலாம். ரிலேயைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கேட்காமலே மாற்றிவிடுங்கள்.

டயரில் தடிமனைவிட வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் உள்ள குறியீட்டின் முடிவில் வரும் நான்கிலக்க எண்தான் பிறந்த தேதி: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். ஆறேழு வயதைத் தாண்டிய டயரில் பள்ளம் முழுதாக இருந்தாலும் மழையில் பிடிப்பு இருக்காது. நானூறு குதிரைத்திறன் பின்சக்கரத்தில் இறங்கும் காருக்கு அது விஷப்பரீட்சை. 360-க்கு முன்னால் 215/45, பின்னால் 275/40, இரண்டும் 18 அங்குலம். நான்கும் சேர்த்து 800 முதல் 1,000 பவுண்டு. ஃபெராரிக்கென்று அங்கீகரித்த டயரில் 'கே' குறியும், போர்ஷேக்கு 'என்' குறியும், லம்போர்கினிக்கு 'எல்' குறியும் இருக்கும். நான்கும் ஒரே வகையாக இருக்கட்டும்.

சாதாரண 360-இல் இருப்பவை இரும்பு பிரேக் வட்டுகள், அச்சப்பட ஒன்றுமில்லை. எஃப் 430-இல் முதலில் கூடுதல் விலைக்குத் தந்த கார்பன்-செராமிக் வட்டுகள், கடைசி ஆண்டுகளில் எல்லா வண்டிகளிலும் வந்தன. சாலையில் மட்டும் ஓட்டினால் அவை மிக நீண்ட நாள் உழைக்கும். பந்தயத் தடத்தின் வெப்பத்தில் விரைவாகத் தேயும். சக்கரத்தைக் கழற்றும்போது விளிம்பில் இடித்தால் சில்லு தெறிக்கும். ஒரு வட்டே சில ஆயிரம் பவுண்டு. பஞ்சர் ஒட்டுகிற கடையில் இந்தக் காரை விட்டுவிட்டுக் காபி குடிக்கப் போகாதீர்கள், பக்கத்திலேயே நில்லுங்கள்.

பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சும். இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இன்ஜின் ஆயில், ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை. இவற்றுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. செய்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

பெட்ரோல், மொத்தச் செலவில் சின்னத் தம்பி. ஒரு கேலன் பெட்ரோலுக்கு 15 மைல் என்று வையுங்கள். 2,000 மைலுக்கு 600 லிட்டர். ஏறக்குறைய 900 பவுண்டு. 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் சாதாரண பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் குழாய்களுக்கு அது ஆகாது. ஆகவே எத்தனால் குறைந்த, 'இ5' என்று எழுதிய உயர்ரக பெட்ரோலையே போடுங்கள்.

உள்ளே பிசுபிசுக்கும் பொத்தான்களைக் கண்டு அருவருக்க வேண்டாம். அக்காலத்து ஃபெராரிகளில் பிளாஸ்டிக்கின் மேல் மெத்தென்று பூசிய பூச்சு வயதாகி உருகுகிறது. புதுப் பாகம் வாங்காமல், இதற்கென்றே இருக்கும் கைவினைஞர்களிடம் கொடுத்து மறுபூச்சு போட்டுக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: யாரிடம் கொடுப்பது

அங்கீகாரம் பெற்ற டீலரா, தனியார் நிபுணரா? ஏழெட்டு வயதுக்குட்பட்ட கார் என்றால் டீலர். 2011 முதல் ஃபெராரி தன் புதிய கார்களுக்கு ஏழாண்டுப் பராமரிப்பை விலையிலேயே சேர்த்துத் தந்து வருகிறது. 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸ். அதைக் கைவிடுவது முட்டாள்தனம். இருபது வயதுக் காருக்குத் தனியார் நிபுணர்தான். கூலி ஏறத்தாழப் பாதி. அதைவிட முக்கியம், டீலரிடம் இருக்கும் இளம் மெக்கானிக் 360-ஐப் பள்ளிப் பருவத்தில் சுவரொட்டியில் பார்த்திருப்பார். தனியார் நிபுணரோ இத்தனை காலமும் அதன் அடியில் படுத்தே கிடந்திருப்பார்.

தொகை சொல்லும்போது 20 விழுக்காடு வாட் வரி சேர்ந்ததா என்று கேளுங்கள். பெரும்பாலும் சேர்ந்திராது. எத்தனை மணி நேர வேலை என்று எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். சந்தேகத்தால் அல்ல, தேய்மானத்தைக் கண்ணால் பார்த்தால் காரைப் பற்றிப் படிக்கலாம். மெக்கானிக்குகளுக்கு அப்படிக் கேட்பவர்களைப் பிடிக்கும்.

பாகங்கள் கிடைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. காருக்கு வயதாகும்போது அதோடு பேசும் கருவிக்கும் வயதாகிறது. 1990-களின் மெக்லாரன் எஃப்1 காரைப் பராமரிக்க, அதே காலத்துக் காம்பேக் மடிக்கணினி ஒன்றை அந்த நிறுவனம் இருபதாண்டுக்கு மேல் காப்பாற்றி வைத்திருந்தது 2016-இல் செய்தியானது. உங்கள் நிபுணரிடம் உங்கள் காரோடு பேசும் கருவி இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

ஏழாம் படி: ஓட்டுங்கள்

இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓட வேண்டும். இடத்திலேயே நிறுத்தி ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைப்பது கெடுதல். புகைக்குழாயில் நீர்தான் சேரும். கிளம்பியதும் ஆயில் சூடாகும்வரை இன்ஜினை விரட்டாதீர்கள். தண்ணீர் முள் சீக்கிரம் ஏறிவிடும்; ஆயில் முள் சோம்பேறி, அதற்காகக் காத்திருங்கள்.

குளிர்காலத்தில் நிறுத்தி வைப்பவர்கள் பேட்டரிக்குப் பராமரிப்பு சார்ஜரை மாட்டுங்கள். நான் ஒரு டிசம்பரில் மாட்ட மறந்து பிப்ரவரியில் போய்ப் பார்த்தேன். சாவியை அழுத்தினால் பதிலே இல்லை. ஐம்பது பவுண்டுச் சார்ஜரின் கம்பி அலமாரியில் சுருட்டியபடி இருந்தது. புது பேட்டரி, வண்டி தூக்கி வந்தவரின் கூலி, ஒரு நாள் விடுப்பு எல்லாம் மறதியின் கணக்கில் போயின.

இப்போது மொத்தம். கைக் கியர் 360, லண்டனுக்கு வெளியே சொந்த கராஜ், ஆண்டுக்கு 2,000 மைல். வரி 430, எம்ஓடி 55, காப்பீடு 1,000, ஆண்டு சர்வீஸ் 900, பெல்ட்டுக்கு ஆண்டுப் பங்கு 400, டயருக்கு 250, பெட்ரோல் 900, கிளட்ச்சுக்கு எடுத்து வைப்பது 500, எதிர்பாராததற்கு 1,500. கூட்டினால் 5,935 பவுண்டு. மைலுக்கு மூன்று பவுண்டு. காரை நிறுத்த இடமில்லாமல் ஈரம் புகாத கிடங்கில் மாத வாடகைக்கு விடுபவர்கள் இதன்மேல் இன்னும் இரண்டாயிரத்துக்குக் குறையாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். எஃப் 355 என்றால் பெல்ட்டுக்கான தொகையை மட்டும் ஐந்தால் பெருக்குங்கள்.

"பிறகு ஊருக்கு அனுப்பிவிடலாமா?" என்றும் சிலர் கேட்பதுண்டு. முடியாது. தயாராகி மூன்றாண்டுக்கு மேலான பயன்படுத்திய காரை இறக்குமதி செய்ய இந்தியா விடுவதில்லை.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, கேட்பவர்களிடம் கொடுத்துவிடுவது இப்போது என் வழக்கம். பலர் தாளைப் பார்த்ததும் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். ஒருவர் என்எஸ்எக்ஸ் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார். போன மாதம் வந்தவர் மட்டும் தாளை இரண்டுமுறை படித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், பிறகு தன் வீட்டு வாசல் சரிவானது என்று சொல்லி, கிளட்ச் பெடல் உள்ள வண்டியாகத் தேடித் தரச் சொன்னார்.